சான்ஸ் பிரதர்ஸின் 'சொந்த மூளை'

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றக் கோபுரத்தில் எரிந்த பழைய கலங்கரை விளக்கைச் செய்தது இங்கிலாந்தின் சான்ஸ் பிரதர்ஸ் என்று படித்தேன். ஒரே குடும்பம், யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்த மூளையால் உலகுக்கே கண்ணாடி விற்றிருக்கிறது. நம் தொழிலதிபர்களுக்கோ வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை இரவல் வாங்கத்தானே தெரிகிறது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: படித்த செய்தி சரி. 1894-ல் அந்தக் கோபுரத்தில் ஏற்றிய விளக்கு அவர்கள் செய்ததுதான். 'சொந்த மூளை' மட்டும் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது.

ராபர்ட் லூகாஸ் சான்ஸ் 1824-ல் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக்கில் ஓடிக்கொண்டிருந்த ஆலை ஒன்றை விலைக்கு வாங்கினார். சில ஆண்டுகளில் கையைக் கடித்தது. இரும்பு வியாபாரியான தம்பி வில்லியம் 1832-ல் பணம் போட்டிருக்காவிட்டால் 'பிரதர்ஸ்' என்ற பெயருக்கே வேலை இருந்திருக்காது.

அப்போது இங்கிலாந்தில் நல்ல ஜன்னல் கண்ணாடி என்றால், ஊதிய உருண்டையை இரும்புத் தண்டின் முனையில் வைத்துச் சுழற்றித் தட்டாக விரித்ததுதான். நடுவில் தடித்த குமிழ் நிற்கும். அதை ஒதுக்கி வெட்டினால் சின்னச் சின்னத் துண்டுகளே தேறும். பிரான்சிலோ பெரிய பலகைகள் செய்துகொண்டிருந்தார்கள். உருக்கிய கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதுவார்கள். பள்ளத்தின் மேல் நின்று ஊசலாட்டி இன்னும் நீட்டுவார்கள். இரு முனையையும் நறுக்கி, நீளவாக்கில் கீறி, சூளையில் மறுபடி இளக்கி, சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல விரிப்பார்கள். இதைச் சான்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜார்ஜ் போன்டாம் என்ற பிரெஞ்சுக்காரர். ஊதுவதற்கு ஆட்களும் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தார்கள். கைகட்டி நின்றது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1845 வரை கண்ணாடியை எடைபோட்டு வரி வசூலித்தது அரசு. அது ஒழிந்தபின்தான் கனத்த பலகைகளுக்குக் காலம் பிறந்தது. 1851 லண்டன் பொருட்காட்சிக்காக எழும்பிய கிரிஸ்டல் பேலஸுக்குச் சுமார் மூன்று லட்சம் கண்ணாடிகள் ஸ்மெதிக்கிலிருந்தே போயின. எல்லாம் அந்த உருளை முறையில் செய்தவை. சில மாதங்களில் இதை முடித்த நிர்வாகத் திறமை முழுக்க முழுக்க அவர்களுடையது. அதை நான் மறுக்கவில்லை.

இனி உங்கள் கலங்கரை விளக்கு. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கி, சிதறும் ஒளியைக் கற்றையாகத் திருப்பும் ஏற்பாடு பிரான்சின் ஃப்ரெனெல் கண்டது. 1823-லேயே அங்கே கடலோரத்தில் எரியத் தொடங்கிவிட்டது. லென்ஸுக்கான கண்ணாடியில் இழை ஓடாமலிருக்க, உருகிய குழம்பைச் சுடுமண் கோலால் கலக்கும் உத்தி சுவிட்சர்லாந்தின் கினானுடையது. அது அவர் மகன் வழியாகப் போன்டாமுக்கு வந்து, அவரிடமிருந்து சான்ஸுக்குப் போனது. 1848 புரட்சியில் பிரான்ஸ் கலங்கியபோது போன்டாமே ஸ்மெதிக்குக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் நீங்கள் கவனித்திருக்க வேண்டியது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜேம்ஸ் டிம்மின்ஸ் சான்ஸ், விளக்குகளின் கணக்கைத் தானே உட்கார்ந்து போட்டார். 1872-ல் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹாப்கின்சன், இரண்டு மூன்று மின்னல்கள், பிறகு இருட்டு என்று ஒளியைத் தொகுதியாக வீசும் முறையைக் கொண்டுவந்தார். நடுக்கடலில் இருக்கும் மாலுமி மின்னல்களை எண்ணி, எந்த விளக்கு என்று பிரித்தறிய அது உதவியது. இரவல் வாங்கிய சரக்கின்மேல் கட்டிய இந்த மாடி அசல் பிரிட்டிஷ். பாராட்ட வேண்டுமானால் இதைப் பாராட்டுங்கள்.

ஆனால் ஒளியியல் கண்ணாடியில் ஜெர்மனியின் ஜெனா நகர் 1880-களில் புதுப்புது ரகங்களோடு புறப்பட்டபோது, சான்ஸ் பின்தங்கியது. 1914-ல் போர் மூண்டதும் பைனாகுலருக்கும் பீரங்கிக் குறிநோக்கிக்கும் வேண்டிய கண்ணாடியில் பெரும்பகுதி எதிரி நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது லண்டனுக்கு உறைத்தது. அவசர அவசரமாக ஸ்மெதிக்கில் உற்பத்தியைப் பெருக்கினார்கள். 1945-ல் பாதிப் பங்கும், 1952-ல் முழுக் கம்பெனியும் போட்டியாளரான பில்கிங்டன் கைக்குப் போயின. ஸ்மெதிக் ஆலையை 1981-ல் இழுத்து மூடிவிட்டார்கள்.