மோர்ஸ் தெரியாமல் உரிமம் வாங்கலாமா?

நண்பரே, டெக்சாஸில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமத்தின் நடுப்படியான ஜெனரல் தேர்வுக்குப் படிக்கிறீர்கள்; எழுத்துகளைக் குட்டை, நீள ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் தெரியாதவர் ஹாமே அல்ல என்று ஒரு பெரியவர் சொன்னதால் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தயங்காமல் தேர்வை எழுதுங்கள். 2003 உலக வானொலி மாநாட்டில் மோர்ஸ் தேர்வை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 5 சொல் தேர்வும் 2007 பிப்ரவரியில் போய்விட்டது. சரியான முடிவுதான், அந்தத் தேர்வுக்குப் பயந்தே ஒதுங்கிய நல்ல கைகள் எத்தனையோ.

அப்புறம் ஆசைக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். தாளில் புள்ளி, கோடு எண்ணாதீர்கள். நான் அப்படி எண்ணியே ஆறு மாதம் வீணாக்கினேன். காதால் பிடியுங்கள்: ‘கே’ என்றால் டா டி டா, அதாவது நீளம், குட்டை, நீளம். எழுத்தை 20 சொல் வேகத்தில் ஓடவிட்டு, இடைவெளியை மட்டும் நீட்டிவையுங்கள். இரைச்சலில் பேச்சு கரைந்துபோகும் இரவிலும், வெறும் 5 வாட் சக்தியில் வரும் அந்த டா டி டா மெலிதாகக் கேட்கும்.