வருகிற ஆர்டரையெல்லாம் எடுக்கலாமா? – தொழில் கேள்வி-பதில்

கேள்வி: கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி (கணினி வழி இயங்கும்) லேத் வைத்திருக்கிறேன். மெட்டீரியல் நானே வாங்கி, உதிரிபாகம் செய்து கொடுக்கிறேன். வயது 44. ஐம்பதுக்குள் சொந்தப் பெயரில் பம்ப் ஸ்பேர்ஸ் தயாரித்து விற்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் பில்லில் முக்கால்வாசி ஒரே கம்பெனிக்குப் போகிறது. தினமும் ‘அர்ஜென்ட்’ என்று போன் வருகிறது, அதை முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. சொந்தத் தயாரிப்பு நாலு வருடமாகப் பேச்சோடு நிற்கிறது. எங்கிருந்து மாற்றுவது?

பதில்: மெஷின் மணிக்கூலியிலிருந்து. உங்கள் ஆறு வருடத் திட்டத்துக்குப் பணமும் நேரமும் அந்த மெஷினிலிருந்துதான் வர வேண்டும். அதன் ஒரு மணி நேரம் உங்களுக்கு என்ன விலைக்கு அடங்குகிறது என்று தெரியாமல் எந்த ஆர்டருக்கும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது.

ஒரு மெஷினுக்கு மாதக் கணக்கு இப்படிப் போடுங்கள் (உங்கள் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள்): தேய்மானம் 12,500, கடன் வட்டி 10,000, ஆபரேட்டர் சம்பளம் 22,000, கரன்ட் 8,000, வாடகைப் பங்கு 8,000, இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட், ஆயில் 9,000, உங்கள் சொந்தச் சம்பளத்தில் பாதி 15,000. மொத்தம் 84,500. கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. ‘மிச்சம் வருவதுதான் என் சம்பளம்’ என்பார்கள். அப்படி விட்டால் குறைந்த ரேட் ஆர்டரும் லாபம் போலவே தெரியும்.

இப்போது வகுக்க வேண்டிய மணி நேரம். 26 நாள், தினம் 8 மணி என்றால் 208. அதை வைத்து வகுத்தால் மணிக்கு 406 ரூபாய் அடக்கம். கம்பெனி 500 கொடுக்கிறது, 94 ரூபாய் லாபம் என்று மனசு நிறைந்துவிடும். ஆனால் செட்டிங் மாற்றுவது, முதல் பீஸைச் சரிபார்ப்பது, மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, இன்சர்ட் உடைவது எல்லாம் போக மெஷின் வெட்டுகிற நேரம் 65 சதவீதம் என்று வையுங்கள். 135 மணிதான். அப்போது அடக்கம் 626. அதே 500 ரூபாய் ஆர்டரில் மணிக்கு 126 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ‘அர்ஜென்ட்’ ஆர்டரில் இது இன்னும் மோசம்: ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, செட்டிங்கைக் கலைத்து, 40 பீஸ் போட்டுவிட்டு மறுபடி பழைய செட்டிங். அந்த இரண்டு செட்டிங் நேரத்தையும் பில்லில் ஏற்றுங்கள். ஏற்ற விடவில்லை என்றால் வரிசைப்படிதான் என்று சொல்லிவிடுங்கள். ரேட் கேட்டதும் பாதி அர்ஜென்ட் தானாகவே அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

அடுத்தது கடன் நாள். மாதம் 4 லட்சம் பில், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால், கம்பெனி பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். 90 நாள் கடன் கொடுத்தால் எந்த நேரத்திலும் 14.16 லட்சம் வெளியே நிற்கும். அதை 11 சதவீத ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட் கடன்) வைத்துச் சமாளித்தால் மாதம் சுமார் 13,000 வட்டி. பில் தொகையில் 3.25 சதவீதம் சத்தமில்லாமல் போகிறது. சொந்தத் தயாரிப்புக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்ய வேண்டிய பணம் இதுதான்.

உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லை என்றால் உடனே செய்யுங்கள். அரசுத் தளத்தில் இலவசம். அந்த எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடியுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள் என்பது 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும், இந்தக் கெடுவுக்குள் தராத பணத்தைச் சரக்கு வாங்கிய கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, தந்த வருடத்தில்தான் காட்ட முடியும் என்று வந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் நிலுவைப் பட்டியலோடு அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மரியாதையான கடிதம் போடுங்கள். எம்எஸ்எம்இ நிலுவைப் பணத்துக்கான அரசுத் தளத்தில் புகார் கொடுப்பது கடைசி ஆயுதம். அதை எடுத்தால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார் என்று வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும்.

பெரிய கம்பெனியை நாளைக்கே விடச் சொல்லவில்லை. முக்கால்வாசி என்பதை வருடத்துக்குப் பத்துப் பத்து சதவீதமாக இறக்கி, 40 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை அவர்களுக்காக மட்டும் புது மெஷின் வாங்காதீர்கள். ‘இன்னொரு மெஷின் போடுங்க, வேலை நாங்க தர்றோம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி ஐந்து வருட இஎம்ஐயில் மாட்டிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. இஎம்ஐ ஓடுகிற ஐந்து வருடமும் ரேட்டை அவர்கள் சொல்வார்கள், நீங்கள் கேட்பீர்கள்.

சொந்தத் தயாரிப்புக்கு மாதம் 20 மெஷின் மணி ஒதுக்குங்கள். செவ்வாய், வெள்ளி காலையில் முதல் இரண்டரை மணி நேரம். உங்கள் பெயரிலேயே ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போட்டு, மற்ற வாடிக்கையாளர் கார்டுகளோடு பலகையில் மாட்டுங்கள். கார்டு இல்லாத வேலையை ஆபரேட்டர் வேலையாகவே மதிக்க மாட்டார். ஒரு நாள் தவறினால் 15 நாளுக்குள் ஈடுகட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால், அந்த மாதம் எந்த ஆர்டர் அதைத் தின்றது என்று பாருங்கள். பெரும்பாலும் மணிக்கு 626-க்குக் கீழே எடுத்த ஆர்டராகத்தான் இருக்கும்.

பத்து அயிட்டத்தில் கை வைக்க வேண்டாம். கப்ளிங் அல்லது ஷாஃப்ட் ஸ்லீவ், ஏதாவது ஒன்று, நன்றாக ஓடுகிற இரண்டே சைஸ். 50 பீஸ் போட்டு நாலு ஸ்பேர்ஸ் கடைகளில் ரொக்கத்துக்கு விற்றுப் பாருங்கள். ‘வெச்சிட்டுப் போங்க, வித்தா காசு’ என்று கடைக்காரர் சொன்னால் அதை விற்பனை என்று கணக்கில் எழுதாதீர்கள். இரண்டாவது தடவை அவரே போன் செய்து கேட்டால்தான் அது அயிட்டம். மொத்தச் செலவுக்கு 2 லட்சம், காலத்துக்கு 18 மாதம் என்று வரம்பு போட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: சாத்தூரில் வீட்டிலேயே முறுக்கு, சேவு போட்டு, தினம் 15 கிலோ நேரடியாக விற்கிறேன். மூன்று வருடத்தில் மகள் கல்லூரிக்கு 3 லட்சம் சேர்க்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் ஒன்றில் தினம் 60 கிலோ கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர்கள் என்ன நிபந்தனை சொன்னார்கள் என்று எழுதவில்லையே அம்மா. விற்காத சரக்கைத் திருப்பிவிடுவோம் என்பதும், 22 சதவீதம் கமிஷன் என்பதும் இருந்தால் கணக்கு இது.

கிலோ 280-க்கு விற்கிறீர்கள், மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட் சேர்த்து அடக்கம் 185 என்று வைப்போம். நேரடி விற்பனையில் கிலோவுக்கு 95, 15 கிலோவுக்கு 1,425 ரூபாய். கமிஷன் போக மார்க்கெட் கிலோவுக்குத் தருவது 218. அறுபதில் ஐந்து கிலோ திரும்பினால் கையில் வருவது 11,990, அடக்கம் 11,100. மிச்சம் 890. இதில் கூடுதலாக வைக்கிற ஆளின் கூலியைக் கழிக்கவே இல்லை. அளவு கூடினால் சட்டியில் எண்ணெயை மாற்றாமல் ஓட்டத் தோன்றும். சிக்கு வாடை வந்தால் முதலில் உங்கள் பழைய வாடிக்கைதான் போகும்.

ரிட்டர்ன் கிடையாது, வாரம் இரண்டு நாள், தடவைக்கு 20 கிலோ, பணம் ஏழு நாளில் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் கொடுங்கள். நேரடி விற்பனையை 15-லிருந்து 20 கிலோவாக்குவது அதைவிட நல்லது. கூடுதலாக 475 ரூபாய் வரும். மூன்று லட்சத்தை 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 8,334, வேலை நாளுக்கு 321 ரூபாய். அந்த 321 தினமும் மாலையில் தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும், மறுநாள் மாவு வாங்குவதற்கு முன்னாலேயே. ஒரு வாரம் போட முடியவில்லை என்றால் எண்ணெய் விலை ஏறியிருக்கும், நீங்கள் ரேட்டை ஏற்றியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: அண்ணனும் நானும் கூட்டாக ஜவுளிக்கடை நடத்துகிறோம். அண்ணன் பக்கத்து ஊரில் கிளை போட வேண்டும் என்கிறார். எனக்குக் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க ஆசை. தினமும் இதே வாக்குவாதம்.

பதில்: கிளை வேண்டுமா வேண்டாமா என்று பேசுவதை ஒரு மாதம் நிறுத்துங்கள். இருவரும் தனித்தனியாக மூன்று தொகை எழுதுங்கள்: ஏழு வருடம் கழித்து மாதம் எவ்வளவு எடுக்க வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கடன் தாங்குவேன், தினம் எத்தனை மணி நேரம் கடையில் உட்காருவேன். அண்ணன் எழுதும் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். புதுக் கிளையில் யார் உட்காருவது என்பதற்குப் பதில் அங்கே இருக்கும்.

கிளையின் ஆறு மாத வாடகையும் சம்பளமும், பழைய கடையின் கொள்முதல் பணத்தைத் தொடாமல், தனியாகச் சேர்ந்திருந்தால் அண்ணன் சொல்வதைப் பரிசீலிக்கலாம். போன தீபாவளிச் சரக்கு இன்னும் அலமாரியில் இருந்தால் முதலில் அதைத் தள்ளுங்கள், அடக்க விலைக்குக் கீழே போனாலும் சரி. கூட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். காலவரையறை, முடிக்கும் முறை எதுவும் இல்லாமல் இருந்தால், 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி உங்களில் ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தே கூட்டை முடித்துவிட முடியும். கிளைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தப் பத்திரத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.