அண்ணம் தைத்த பிறகும் மூக்கால் பேசும் பிள்ளை

இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் அண்ணாச்சி, ஆனால் பிள்ளை பேசும்போதே மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்காமல் தேதி குறிக்க விடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

வாயின் மேல்கூரையான அண்ணம் பிளந்திருந்ததை 1 வயதில் தைத்தும், அம்பையில் ஒரு வருஷம் பேச்சுப் பயிற்சி கொடுத்தும், 5 வயதில் மகள் மூக்கால்தான் பேசுகிறாள் என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் தொண்டையின் பின்சுவர் வரை எட்டாமல் நிற்கிறது, காற்று மூக்குக்கு ஏறிவிடுகிறது. அந்த இடைவெளியைப் பயிற்சி மூடாது.

மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து 'பாப்பா, தாத்தா, காக்கா' சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெறும் மூச்சே படியும். ஆவி படிந்தால் கசிவு இருக்கிறது. 'மாமா' வேண்டாம், அது எல்லாருக்கும் மூக்கில்தான் வரும். தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் வந்தால் தைத்த இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடைவெளியின் அளவையும் தொண்டையின் பக்கச்சுவர் அசைவதையும் வைத்துத்தான் அண்ணத்தை நீட்டுவதா, தொண்டைச் சதையை எடுத்து ஒட்டுவதா என்று முடிவு செய்வார்கள். ஒட்டினால் குறட்டை, தூக்கத்தில் மூச்சடைப்பு வரலாம். இப்போதே குறட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், யாராவது மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுக்கச் சொன்னால் அண்ணம் தைத்த டாக்டரைக் கேட்காமல் சரி என்று தலையாட்டாதீர்கள், அதை எடுத்தபின் மூக்குப் பேச்சு கூடிவிடலாம்.