வங்கிக் கணக்கு ஒத்துவந்த பிறகும் ஏன் பார்க்க வேண்டும்? – ஆடிட்டர் அலுவலகப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்கு

கேள்வி: வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு வாரம் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகிறேன். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (கம்பெனிக் கணக்கின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவது) போடச் சொல்வார்களாம். வங்கி அறிக்கையில் டெபிட் என்றால் கம்பெனிக் கணக்கில் கிரெடிட் என்று படித்திருக்கிறேன். ஆனால் கையில் எடுத்தால் குழம்பிவிடுகிறது. தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, பணம் கட்டினால் போகாமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தோழிகள் சிலர் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லக் காரணம், அதில் தப்பு செய்தால் பின்னால் திருத்த முடியாது.

இந்த இடைத்தரகர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் போகாத பயிற்சிக்குச் சான்றிதழ் விற்பவர். இன்னொருவர், மாணவரிடம் ஒரு பைசாகூட வாங்காத நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ‘இடம் பிடித்துத் தரும் கட்டணம்’ வாங்கிக்கொள்பவர். பணம் கட்டிய பிறகுதான் நிறுவனத்தின் பெயரைச் சொல்வேன் என்றாலே விலகிவிடுங்கள். பெயரைச் சொன்னாலும், உங்கள் நாட்டின் கணக்காளர் அமைப்பு வெளியிடும் உறுப்பினர் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கே போன் செய்யுங்கள். கடிதத் தலைப்பில் அச்சடித்த எண்ணுக்குச் செய்தால், கடிதத்தை அடித்தவரே எடுத்துப் பேசுவார்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ‘விண்ணப்பத்துக்கு வேண்டும்’ என்று அடையாள அட்டையின் நகலையும், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத் தாளையும் கேட்பார்கள். அந்த இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் உங்கள் பெயரில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து யாருக்கும் வேண்டாம்.

இந்த வியாபாரம் நடப்பதற்குக் கல்லூரிகளும் பொறுப்பு. முத்திரை இருந்தால் போதும், மதிப்பெண். மாணவர் உண்மையில் வந்தாரா, என்ன செய்தார் என்று நிறுவனத்துக்கு ஒரு போன் கிடையாது. ஒரு போனில் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று நாற்பது பக்க நோட்டு எழுத வைக்கிறார்கள்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன்.

வங்கி அறிக்கை என்பது வங்கி தன் புத்தகத்திலிருந்து எடுத்துத் தரும் நகல். நீங்கள் வங்கியில் போட்ட பணம் உங்களுக்குச் சொத்து, வங்கிக்கோ அது திருப்பித் தர வேண்டிய கடன். கடன் கூடினால் கிரெடிட் பக்கம் எழுதுவார்கள், குறைந்தால் டெபிட் பக்கம். அதனால்தான் உங்களுக்குப் பணம் வந்தால் அவர்கள் கிரெடிட் என்கிறார்கள், போனால் டெபிட் என்கிறார்கள். இதைத் தலையில் திருப்பிப் போட முயன்றால் பத்தாவது வரியிலேயே தடுமாறும். பட்டியல் போடும்போது அந்த இரண்டு சொல்லையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ‘பணம் உள்ளே வந்ததா, வெளியே போனதா’ என்று மட்டும் கேளுங்கள்.

ஓர் உதாரணத்தைப் பேனாவோடு போட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் கம்பெனியின் வங்கிப் பேரேட்டில் (பாடத்தில் ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தி என்று படித்திருப்பீர்கள்) இருப்பு 84,650. வங்கி அறிக்கையில் இருப்பு 91,230. கொடுத்த காசோலை ஒன்று, 12,400, இன்னும் வங்கிக்கு வரவில்லை. நமக்கு வந்து, நாம் வங்கியில் போட்ட காசோலை ஒன்று, 6,000, இன்னும் வரவு ஆகவில்லை. வங்கி தன் கட்டணமாக 180 பிடித்திருக்கிறது, அது நம் பேரேட்டில் ஏறவில்லை.

வங்கிப் பக்கம்: 91,230-இல் 12,400 கழித்து, 6,000 கூட்டினால் 84,830.

பேரேட்டுப் பக்கம்: அறிக்கையில் 180-க்கு எதிரே ‘டெபிட்’ என்று இருக்கிறது. நம் புத்தகத்தில் வங்கிக்கு டெபிட் என்றால் கூடும் என்ற நினைவில் மாணவர் கூட்டுகிறார். 84,650-உம் 180-உம் சேர்ந்து 84,830. இரண்டு பக்கமும் ஒத்துவிட்டது. மகிழ்ச்சியோடு தாளை மடித்து வைத்துவிடுகிறார்.

ஆனால் அது தப்பு. கட்டணம் வெளியே போன பணம், கழிக்க வேண்டும். கழித்தால் 84,470. வங்கிப் பக்கத்துக்கு 360 குறைகிறது. அந்த 360 எங்கே? பேரேட்டில் ஒரு பில்லுக்குக் கொடுத்த தொகை 4,840 என்று இருக்கிறது, வங்கியிலிருந்து போனது 4,480. பதிவு செய்தவர் 4-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றிவிட்டார். 180-ஐக் கழிக்காமல் கூட்டினால் வரும் பிழையும் இரட்டிப்பாகி அதே 360-தான். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

எனவே இருப்பு ஒத்துவந்தது என்பதற்காக நிறுத்தாதீர்கள். வேலை செய்யும் வரிசை இது: போன மாதப் பட்டியலில் நிலுவையாக நின்ற தொகைகளை முதலில் இந்த மாத அறிக்கையில் தேடி டிக் அடியுங்கள். பிறகு வரிக்கு வரி, தொகையையும் தேதியையும் பார்த்து இரண்டு பக்கமும் டிக். டிக் விழாமல் மிஞ்சும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுத வேண்டும். இப்படிச் செய்திருந்தால் 4,840-உம் 4,480-உம் டிக் இல்லாமல் தனித்தனியே நின்றிருக்கும், கண்ணில் பட்டிருக்கும்.

வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் இரண்டு சோதனை. 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு சுழியம் கூடிக் குறைந்திருக்கலாம் (40-ஐ 400 என்று எழுதினாலும் 360-தான் வரும்). வித்தியாசத்தின் சரிபாதித் தொகை எங்காவது இருந்தால் அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். இவை எங்கே தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான். பில்லைக் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

நிலுவைத் தொகைகளில் எல்லாம் ஒன்றல்ல. கொடுத்த காசோலை சில வாரம் வராமல் இருப்பது சகஜம், வாங்கியவர் போடவில்லை என்று அர்த்தம். நாம் வங்கியில் செலுத்தியதாகப் பேரேடு சொல்லும் தொகை, அதுவும் ரொக்கம், அடுத்த மாத அறிக்கையின் முதல் சில நாட்களுக்குள் வரவில்லை என்றால் உடனே மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள். பணம் வங்கிக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மிஞ்சிய வித்தியாசத்தை ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டு மூடுவது. ‘360 வித்தியாசம், காரணம் கிடைக்கவில்லை, இதுவரை பார்த்தவை இவை’ என்று எழுதிக் கொடுப்பது முழு வேலை. மூடி வைப்பது பொய்க் கணக்கு.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். வேலைத்தாளில் (தணிக்கையில் செய்த வேலையை எழுதி வைக்கும் தாள்) யார் செய்தது, எந்தத் தேதியில், யார் சரிபார்த்தது என்று பதிவு செய்ய வேண்டும் என்கிறது சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 230. உங்கள் பெயரின் முதலெழுத்து அதில் இருக்கும், மேலே இருப்பவருடையதும் இருக்கும். உங்கள் தப்பைப் பிடிப்பது அவர் வேலை. நீங்கள் பார்க்காத பில்லுக்கு டிக் அடித்தால்தான் சிக்கல், ஏனென்றால் பார்த்ததாக நினைத்து அவர் தாண்டிப் போவார். ‘மீதி ஐம்பதுக்கும் சும்மா டிக் போட்டுடு, நேரமில்லை’ என்று யாராவது சொன்னால், பார்த்த இடத்தில் கோடு போட்டு ‘இதுவரை பார்த்தது’ என்று எழுதி, முதலெழுத்து போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

எக்ஸெல்லில் ஒரு பொறி: வங்கித் தளத்திலிருந்து இறக்கிய அறிக்கையில் தொகைகள் சில சமயம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்துவிடும். பார்க்க எண் போலவே இருக்கும், கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், கூட்டலில் சேராது. முதல் வேலையாக, ஆரம்ப இருப்போடு வரவுகளைக் கூட்டி, செலவுகளைக் கழித்து, கடைசி இருப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மேற்கொண்டு போகாதீர்கள்.

பிடிஎஃப் அறிக்கையை எக்ஸெல்லாக மாற்ற இணையத்தில் இலவசத் தளங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் ஒரு பக்கத்தைக்கூட அதில் ஏற்றக் கூடாது, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டவும் கூடாது. அலுவலகம் அனுமதித்த வழி எது என்று கேளுங்கள். வேலைத்தாளைப் போனில் படம் எடுக்க வேண்டாம். கல்லூரி அறிக்கையில் வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தொழில், ஊர், விற்பனைத் தொகை மூன்றும் இருந்தால் யார் என்று தெரிந்துவிடும். உதாரண எண்களை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள், மேலே நான் போட்டது போல.

மாணவர்களிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உங்களுக்குக் கொடுத்த கோப்பு, உங்கள் அப்பாவோ அக்காவோ வேலை பார்க்கும் கம்பெனியுடையதாக இருந்தால்? அல்லது அந்தக் கம்பெனியின் பங்கு உங்கள் பெயரில் இருந்தால்? தணிக்கைக் குழுவில் இருப்பவருக்கு அந்த வாடிக்கையாளரின் பங்கு நேரடியாக இருக்கக் கூடாது என்பது கணக்காளர்களின் சர்வதேச நெறிமுறை விதி. ஒரே ஒரு பங்குதானே என்ற விலக்கு கிடையாது. பெற்றோர், உடன்பிறந்தவர் அங்கே வேலை பார்த்தால், அவர் கணக்குப் பிரிவிலா, கிடங்கிலா, எந்தப் பொறுப்பில் என்பதைப் பொறுத்து நிறுவனம் முடிவெடுக்கும். முடிவு அவர்களுடையது, தெரிவிப்பது உங்களுடையது. தணிக்கை இல்லை, வெறும் கணக்கு எழுதித் தரும் வாடிக்கையாளர்தான் என்றாலும் சொல்லிவிடுங்கள். அப்பாவின் சம்பளம் இருக்கும் தாள் உங்கள் மேஜைக்கு வரக் கூடாது. முதல் நாளே வாடிக்கையாளர் பெயரைக் கேட்டதும் சொன்னால், வேறு கோப்பு தருவார்கள், அத்தோடு முடிந்தது. ஐந்தாம் நாள் தெரிந்தால் நீங்கள் செய்த வேலையை எல்லாம் இன்னொருவர் திரும்பச் செய்ய வேண்டி வரலாம்.

கடைசி நாளில் ‘நன்னடத்தையுடன் பயிற்சி முடித்தார்’ என்ற ஒரு வரிக் கடிதம் நீட்டுவார்கள். ‘மூன்று மாத வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரித்தார், இத்தனை கொள்முதல் பில்களைப் பதிவோடு ஒப்பிட்டார்’ என்று செய்ததைச் சேர்த்துத் தரக் கேளுங்கள். எண்ணிக்கையை நீங்களே தினமும் குறித்து வைத்திருந்தால் மறுக்க மாட்டார்கள். கடிதத்தை வாங்குவதற்கு முன், நுழைவு அட்டையையும் கையிலிருக்கும் கோப்புகளையும் பெயர் சொல்லி ஒப்படைத்து, வாங்கியவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.