கர்ப்பவாய் திறந்த பிறகும் தையல் போட ஏன் ஒரு நாள் காக்க வைக்கிறார்கள்?

தங்கச்சிக்கு 21 வாரம், வலி இல்லை, வள்ளியூரில் பரிசோதித்தபோது கர்ப்பவாய் 2 செ.மீ. திறந்து பன்னீர்க்குடம் தெரிந்தது, பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தும் கர்ப்பவாயைக் கட்டும் தையலை இன்னும் போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது அலட்சியம் இல்லை அண்ணாச்சி.

பிரசவ வலி தொடங்கியிருந்தால் நூல் கர்ப்பவாயைக் கிழித்துவிடும். உள்ளே கிருமி ஏறியிருக்கும்போது வாயைக் கட்டினால் தாய் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டும் உடனே வெளியே தெரியாது. அதனால்தான் 12 முதல் 24 மணி நேரம் காய்ச்சல், நாடி, வயிறு இறுகுதல், ரத்தப்போக்கு, வெள்ளையணு எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். பன்னீர்க்குடம் உடைந்திருந்தால் தையலே கிடையாது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் தையல். முதுகில் மரப்பு ஊசி போட்டு, மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்துவார்கள். துருத்தி நிற்கும் குடத்தை உள்ளே தள்ளுவதுதான் கைப்பக்குவம் வேண்டிய இடம். மூத்திரம் எடுக்கப் போடும் ஃபோலி குழாயின் நுனியில் உள்ள பலூனைக் கர்ப்பவாயில் வைத்து 30 மி.லி. அளவுக்கு நிரப்பி மெல்லத் தள்ளலாம். மூத்திரப்பையைச் சலைனால் நிரப்பினாலும் குடம் மேலே ஏறும். ஊசி முனை பட்டால் உடைந்துவிடும். பிறகு 5 மி.மீ. மெர்சிலீன் நாடா அல்லது தடித்த புரோலீன் நூலைச் சுற்றிலும் நாலைந்து இடத்தில் கோத்து, சுருக்குப்பை போல இறுக்குவார்கள். கடிகாரத்தில் 3, 9 இருக்கும் பக்கவாட்டில் ரத்தக் குழாய் ஓடுவதால் அங்கே ஊசி ஏற்றுவதில்லை. பின்னால் வெட்டி எடுக்க முடிச்சின் நுனியை நீளமாக விடுவார்கள். இது டாக்டர் மெக்டொனால்ட் 1957-இல் சொன்ன முறை. அதற்கு முன்பே, 1955-இல், நம்ம பம்பாய் டாக்டர் ஷிரோத்கர் மூத்திரப்பையைப் பிரித்துத் தள்ளி இன்னும் உயரத்தில் நாடா கட்டும் முறையை வெளியிட்டிருந்தார். அவசரத்துக்குப் பெரும்பாலும் மெக்டொனால்ட்தான்.

வெறும் ஓய்வைவிடத் தையல் போட்டால் கர்ப்பம் சராசரியாக ஐந்து வாரம் வரை கூடுதலாகத் தாங்கும். 21 வாரத்தில் அது பெரிய வித்தியாசம். ஆனால் 4 செ.மீ.க்கு மேல் திறந்திருந்தாலோ குடம் யோனிக்குள் தொங்கினாலோ தோற்பதே அதிகம். இதை வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதக்கணக்கில் படுக்கப் போடாதீர்கள். பலன் இல்லை, காலில் ரத்தம் உறையும். காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, நீர் ஒழுகல், விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

36, 37 வாரத்தில் தையலைப் பிரிப்பார்கள், பெரும்பாலும் மயக்கம் கொடுக்காமலே. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவதானால், ‘கர்ப்பவாயில் தையல் உள்ளது’ என்று தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அங்கே திடீரென்று வலி வந்தால் முதலில் முடிச்சை வெட்ட வேண்டும். தையல் இருப்பதே தெரியாதவர் பிரசவம் பார்த்தால் கர்ப்பவாய் கிழியும்.