மச்சினன் பட்டறையும் கிரெடிட் கார்டு பாக்கியும்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் வேகன் ஆர் இருக்கிறது. மனைவியின் தம்பி வொர்க்‌ஷாப் வைத்திருப்பதால் எல்லா வேலையும் அங்கேதான். ஒன்றரை வருடத்தில் கிளட்ச் 2 முறை, பிரேக் பேட் 3 முறை மாற்றியாயிற்று. கார்டில் 38,000 ரூபாய் பாக்கி. மினிமம் மட்டும் கட்டுகிறேன். 19,999 ரூபாய்க்கு சர்வீஸ் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி போன் வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் மாதிரி தேய்கிற சாமான்கள் இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் சேராது. உங்களுக்குச் செலவு வைப்பதே அவைதான்.

நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். ‘கிளட்ச், கூலி – 5,200’ என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி, பிளேட் மட்டுமா, கவரும் பேரிங்கும் சேர்த்தா, எதுவும் இல்லை. “நீயே பார்த்துப் போட்டுடு மாப்ள” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, பணம் போவது அங்கேதான்.

கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச். எந்தப் பிளேட் போட்டாலும் கூலி ஒன்றுதான். நல்ல செட் 4,500, கூலி 2,500 என்று வைத்தாலும் 7,000. நீங்கள் 2 முறைக்கும் சேர்த்துக் கொடுத்தது 10,400. வேலியோ, லூக் மாதிரி பெயருள்ள கிளட்ச் செட்டைக் கடையில் நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். கண்ணாடி, டோர் ஹேண்டில் என்றால் பழைய சாமான் கடையிலேயே வாங்கலாம். பிரேக்கில் மட்டும் அந்தச் சிக்கனம் கூடவே கூடாது. 3 முறை பேட் போனதென்றால் பேடை அழுத்துகிற கேலிப்பரின் பின் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்டு விஷயம் இன்னும் மோசம். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,330. ஜிஎஸ்டி சேர்த்து 1,570. நீங்கள் கட்டும் 1,900-இல் அசலுக்குப் போவது 330 ரூபாய்! வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து இதை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். வருட வட்டி 10 சதவீதம் பக்கம் இருந்தால், மாதம் 3,350 வீதம் 12 மாதத்தில் முடியும்.

வீட்டில் சங்கடம் வருமே என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்காரருக்கு சாமானில்தான் நாலு காசு நிற்கும், அது அவர் பிழைப்பு. அதனால் கூலியில் 500 ரூபாய் கூட்டிக் கொடுங்கள். அப்படியே, கழற்றிய பழைய பிளேட்டையும் புதுசு வந்த அட்டைப்பெட்டியையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.