லண்டன் போகிறோம், அப்படியே ஐரோப்பாவும் போய்வரலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மாமா மகன் பாடகன். பறை, தவில், வயலின், கிடார், பேஸ் என்று மொத்தம் ஆறு பேர் கொண்ட குழு. பெரும்பாலும் எங்கள் சொந்தத் தமிழ்ப் பாட்டுகள். மூன்று வருஷமாக நான்தான் மேனேஜர். போன வருஷம் பார்த்த வேலையையும் விட்டுவிட்டேன். அடுத்த ஜூலையில் லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கம் அழைக்கிறது: விமான டிக்கெட், தங்க இடம், 1,500 பவுண்டு. இதற்கிடையே இன்ஸ்டாகிராமில் ஒருவர், நான்கு லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் 5 நாடுகளில் 9 மேடைகள் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா என்று யோசிக்கிறோம். இங்கிலீஷில் இரண்டு பாட்டு இருந்தால்தான் அங்கே எடுபடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஓர் இளம் மேனேஜர், மதுரை

பதில்: தம்பி, முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட் எங்கே சம்பாதிக்கிறார் என்று பாருங்கள். உங்களுக்கு வரும் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ அவருடையது. நீங்கள் மேடை ஏறினால்தான் அவருக்குக் காசு. நான்கு லட்சத்தை முன்னாலேயே வாங்குகிறவர் அன்றைக்கே சம்பாதித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன? அந்த ஒன்பது மேடைகளின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் அந்த அரங்குகளுக்கு நீங்களே நேரடியாக மெயில் போட்டு, இப்படி ஒரு தேதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பெயர் கேட்ட இடத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

கைக்காசு போட்டுப் போகிற பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வோமெக்ஸ் என்று உலக இசைக்கான ஒரு சந்தை இருக்கிறது. 1994-ல் பெர்லினில் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் ஊர் மாறி மாறி நடக்கிறது. 2023-ல் ஸ்பெயினின் அ கொருன்யா, 2024-ல் மான்செஸ்டர், 2025-ல் பின்லாந்தின் தாம்பெரே. பல நாட்டு விழாக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும் இடம் அது. அங்கே வாசிக்க ஒரு நடுவர் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். விழாக்காரர்களுக்கு வாசித்துக் காட்டும் இந்த மாதிரி ஷோகேஸ்களில் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது, பயணச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். ஆனால் தேர்வு உங்கள் பாட்டுக்காக நடக்கிறது, செலுத்திய பணத்துக்காக இல்லை. அந்தக் கட்டத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் குழுவைக் கூட்டிப்போகாமல் நீங்கள் மட்டும் ஒரு பிரதிநிதியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே நிறையப் புரியும்.

இப்போது கையில் இருப்பது லண்டன். அதைச் சரியாகப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசுவோம்.

சங்க மேடையை இளக்காரமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடக்கிறது. நம் வித்வான்கள் பலருக்கு அமெரிக்கக் கதவைத் திறந்ததே அங்குள்ள நம் ஆட்கள்தான். ஆனால் ஒன்று, சங்கத்துக்கு வருகிறவர்கள் தமிழுக்காக வருகிறவர்கள். விழா முடிந்து சாப்பாடு பரிமாறி, போட்டோ எடுத்து, வழியனுப்பிவிட்டு அடுத்த வருஷம் வேறொரு குழுவை அழைப்பார்கள். அது அவர்கள் தப்பில்லை, சங்கம் என்றால் அப்படித்தான். இப்படி ஐந்து முறை லண்டன் போய்வந்தும் லண்டனில் தமிழரல்லாத ஒருவருக்குக்கூடப் பெயர் தெரியாத குழுக்களை நான் அறிவேன்.

டிக்கெட் செலவு முழுக்கச் சங்கத்துடையது. எனவே அதே வாரத்தில், நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கு ஒன்றில், தமிழ் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு நிகழ்ச்சி வைக்க முடியுமா என்று பாருங்கள். காசு கொஞ்சமாக வந்தாலும் பரவாயில்லை. அந்த ஊர் விழாக்களுக்குக் குழு தேர்வு செய்கிறவர்கள் நான்கைந்து பேரை இப்போதிருந்தே மெயிலில் கூப்பிடுங்கள். கோடை விழாக்களின் பட்டியல் மாதக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும், அதனால் இந்த ஜூலையில் விழா மேடை கிடைக்காது. ஒரே ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனால் அதற்கடுத்த ஜூலைக்கு ஒரு வழி பிறக்கும். கிளம்புவதற்கு முன் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தங்கள் விழாவுக்கு முன்னால் அதே ஊரில் வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் தேதியைப் பின்னால் தள்ளுங்கள். பாரிஸ், பெர்லின் எல்லாம் அப்புறம். இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் அதே ஊருக்கே போங்கள். ஐந்து நாட்டில் ஒவ்வொரு ராத்திரி வாசித்த குழுவை ஐந்து நாடும் மறந்துவிடும்.

இங்கிலீஷ் பாட்டு விஷயம். பெங்களூரின் ரகு தீட்சித்தைப் பாருங்கள். லுங்கியும் காலில் சலங்கையுமாக, கன்னட ஞானிக் கவிஞர் சந்த ஷிசுநாள ஷரீபரின் பாடல்களைக் கன்னடத்திலேயே பாடினார். 2010-ல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்டின் இசை நிகழ்ச்சி, 2011-ல் இங்கிலாந்தின் பெரிய இசை விழாவான கிளாஸ்டன்பரி. கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கன்னடம் தெரியும்? பாட்டு தமிழிலேயே இருக்கட்டும். இங்கிலீஷ் வேண்டியது வேறு இடத்தில்: ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி விளக்கம், மேடையில் மாமா மகன் பேசும் பத்து வாக்கியம், குழுவைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. அதோடு, வெட்டி ஒட்டாமல் மேடையில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ. டிரோன் பறக்கும் கிளிப் வேண்டாம். இவர்கள் நிஜமாகவே வாசிப்பார்களா என்றுதான் விழாக்காரர் பார்ப்பார்.

அடுத்தது காகிதம். மேனேஜரின் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

ஏற்கெனவே பேசி முடித்த நிகழ்ச்சி என்றால், சம்பளத்தோடு வாசிக்க பிரிட்டனின் விசிட்டர் விசாவிலேயே இடம் உண்டு. நாட்டுக்குள் போன 30 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் அழைப்பவர் அங்கேயே இயங்கும் கலை அல்லது பொழுதுபோக்கு அமைப்பாகவோ ஏஜென்ட்டாகவோ ஒளிபரப்பு நிறுவனமாகவோ இருக்க வேண்டும். உங்கள் சங்கம் அந்தக் கணக்கில் வருமா என்று இன்றைக்கே கேளுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கு இசைதான் முக்கியத் தொழில் என்றும் காட்ட வேண்டும். யாராவது பகலில் வங்கி வேலை பார்த்தால் அங்கே சிக்கும். சுற்றிப்பார்க்கப் போகிறோம் என்று எழுதிவிட்டுப் போய் வாசிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகத் தெரிந்தால் 10 வருஷம் உள்ளே விடமாட்டார்கள். இந்த விசாவை வைத்துக்கொண்டு பாரிஸ் பக்கம் போகவும் முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனி, அதற்குள்ளும் வேலை செய்யும் அனுமதி நாட்டுக்கு நாடு மாறும். ஐந்து நாடு ஒன்பது மேடை என்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

வரியும் உண்டு. வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் பணத்தில் 20 சதவீதத்தைப் பிரிட்டனில் பிடித்துக்கொள்வார்கள். கலைஞர் ஒருவருக்கு அந்த வரி ஆண்டில் மொத்தம் 12,570 பவுண்டைத் தாண்டாவிட்டால் பிடிக்க வேண்டியதில்லை. விமான டிக்கெட்டையும் ஓட்டல் செலவையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உங்களுக்கு இப்போது பிரச்சினை வராது, வளர்ந்தபின் வரும். பிடித்தால் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், இங்கே வரி கட்டும்போது கழித்துக்கொள்ளலாம்.

பாட்டுகளை ஐபிஆர்எஸ்ஸில் பதிந்தாயிற்றா? 1969-ல் தொடங்கிய சங்கம் அது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேர வேண்டிய ராயல்டியை வசூலிக்கிறது. வெளிநாட்டுச் சங்கங்களோடு அவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. லண்டனில் நீங்கள் பாடிய பாட்டுப் பட்டியல் அங்குள்ள ராயல்டி சங்கத்துக்குப் போனால், அதற்குரிய பணம் சுற்றிக்கொண்டு மதுரைக்கு வரும். பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அந்தச் சண்டையை இப்போதே போட்டு முடித்துவிடுங்கள், பணம் வந்தபின் போட்டால் குழு உடையும். பாட்டி பாடிய தெம்மாங்கை வாசித்தால் மரபுப் பாடல் என்றே எழுதுங்கள்.

இனி கருவிகள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு குளிர் நாட்டில், அரங்குக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் எங்கள் ஆட்கள் பறையைக் காய்ச்ச, கிடைத்த அட்டைப் பெட்டிகளைக் கொளுத்தினார்கள். மூன்றாவது நிமிஷம் சைரன், ஐந்தாவது நிமிஷம் தீயணைப்பு வண்டி. நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. அபராதத்தையும் நாங்கள்தான் கட்டினோம். இரவு ஓட்டல் அறையில் பறையை ஹேர் டிரையரால் காய்ச்சிக்கொண்டிருந்த அண்ணனின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த மாதிரி ஊர்களில் கட்டடத்துக்குப் பக்கத்தில் தீ மூட்ட முடியாது. மின் அடுப்பு வேண்டும், அதற்கு ஓரிடம், ஒரு பிளக், அரைமணி நேரம் வேண்டும் என்று மேடைத் தேவைப் பட்டியலிலேயே எழுதிக்கொடுங்கள். ஃபைபர் பறை ஒன்றும் கையோடு போகட்டும். தவில்காரருக்கு எதிர்த் தொல்லை: ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டு, தோல் இறுகி, சுருதி மேலே ஏறும். ஒலிச் சோதனைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒருமுறை சரிபார்க்க நேரம் கேளுங்கள். கஞ்சிரா சேர்க்கிற எண்ணம் இருந்தால் ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோதான். உடும்புத் தோல் இங்கேயே சட்ட விரோதம். எல்லை தாண்டி எடுத்துப்போவது அதைவிடப் பெரிய குற்றம். கிடார் போன்ற விலை கூடிய சாமான்களுக்குக் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது யாரும் வரி கேட்கமாட்டார்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வேலையை விட்டவர், கேட்டிருக்க வேண்டும். எம்.எஸ். 1963-ல் எடின்பரோ விழாவிலும் 1966-ல் ஐ.நா. சபையிலும் பாடியதை எல்லோரும் சொல்வோம். கச்சேரிப் பட்டியல் வரை பார்த்துக்கொண்ட சதாசிவத்துக்கு மேனேஜர் என்று பெயர்கூடக் கிடையாது, கணவர் என்பதால் சம்பளப் பேச்சும் எழவில்லை. நீங்கள் மாமா மகனோடு அப்படி இருக்க முடியாது. வருமானத்தில் மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம் ஊர் உலக வழக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் செலவு போக மிஞ்சியதில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழு வெறுங்கையோடு திரும்பும்போது உங்கள் பையில் மட்டும் பணம் இருக்கும். பிரிந்துபோக நேர்ந்தால், நீங்கள் பிடித்துவைத்த நிகழ்ச்சிகளில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ குறைந்துகொண்டே போகும் பங்கு என்று ஒரு வரி சேருங்கள். சொந்தக்காரர்களுக்குள் எதற்குப் பத்திரம் என்று அத்தை கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் சங்கத்துக்குப் பதில் எழுதிவிடுங்கள். வருகிறோம் என்று சொல்லி, நான்கு விஷயம் கேளுங்கள்: அழைப்புக் கடிதம் எந்த அமைப்பின் பெயரில் வரும், மேனேஜருக்கும் சேர்த்து ஏழு டிக்கெட்டா, பாதிப் பணம் முன்னதாக வருமா, பறை காய்ச்ச எங்கே இடம்.